கல்லாய் நின்ற நெருப்பு

வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் ஐந்து சிவாலயங்களைப் பஞ்சபூதத் தலங்கள் என்று நம் பெரியவர்கள் கொண்டாடி வந்திருக்கிறார்கள். பேளூர் நிலத்துக்கு, ஏத்தாப்பூர் நீருக்கு, ஆறகளூர் காற்றுக்கு, கூகையூர் ஆகாயத்துக்கு. ஆற்றின் போக்கில் மூன்றாவதாக, ஐந்துக்கும் நடுவில் இருக்கும் ஆத்தூர் நெருப்புக்கு உரிய தலம். காயநிர்மலேஸ்வரர் சந்நிதியில் நாம் கைகூப்பி நிற்பது குளிர்ந்த கல்லின் முன்னால். அபிஷேகத்தின் ஈரம் காயாத அந்தக் கல்லை நெருப்பின் வடிவம் என்று வணங்குகிறோம். நிலவியல் வேறொரு வழியில் வந்து இதற்கு மிக அருகில் நிற்கிறது. சேலத்துச் சமவெளியின் அடியில் கிடக்கும் பாறைகளில் பெரும்பகுதி உருகிய குழம்பிலிருந்து பிறந்தவை. பிறகு பூமியின் ஆழத்தில் மறுபடியும் வெந்து உருமாறியவை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வாசற்படிக்கும் நாம் வெட்டி எடுத்தது ஒரு காலத்து வெம்மையைத்தான்.

அந்த வெம்மை கண்முன்னே கல்லாவதை இன்றும் பார்க்க முடியும். பூமியின் ஆழத்திலிருந்து கிளம்பும் பசால்ட் குழம்பு வெளியே வரும்போது அதன் சூடு ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். அப்போது அது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து ஒளிரும். சூடு இறங்க இறங்க ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு கருஞ்சிவப்பாகி, கடைசியில் வெளிச்சம் அணைந்து கருமை மட்டும் மிஞ்சும். காற்றுப் பட்ட நொடிகளிலேயே மேலே ஒரு மெல்லிய தோல் படிந்துவிடுகிறது. உள்ளே குழம்பு தொடர்ந்து ஓடுகிறது. ஓடும் குழம்பு இழுக்க, தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக விழுகிறது. மடிப்புகள் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கயிற்றுப்புரிகளாக இறுகிவிடுகின்றன. ஹவாய்த் தீவு மக்கள் இந்த வழவழப்பான லாவாவைப் பாஹொஹொய் என்கிறார்கள். கரடுமுரடாக உடைந்து கூர்முனைகளோடு கிடப்பதை ஆஆ என்கிறார்கள். உலகெங்கும் நிலவியலாளர்கள் இந்த இரண்டு பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள்.

பாஹொஹொய்ப் பரப்பை அருகில் போய்ப் படமெடுத்தவர்கள் அதில் கண்டது கொஞ்சநஞ்சமல்ல. வேகமாக ஆறியதால் மேல்தோல் கண்ணாடியாகிவிட்டது. சாய்ந்த வெயில் பட்டால் அதில் வெள்ளி மினுக்கும் நீலமும் ஓடும். சில இடங்களில் செம்பின் நிறமும் தெரியும். காற்றில் தெறித்த துளிகள் இழுபட்டு, தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழைகளாகக் கிடக்கும். வாயு வெளியேறிய இடமெல்லாம் குமிழித் துளைகள். ஓவியன் எவனும் தொடாத அந்தப் பரப்பில் சமமான இரண்டு மடிப்புகளைக் காண முடியாது. ஆனாலும் எல்லா மடிப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு விழுந்தவை. கட்டுப்பாடும் சுதந்திரமும் இப்படி ஒன்றாகக் கூடி நிற்பதைப் படைப்பின் கையெழுத்து என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இந்த அழகை உலகத்துக்குக் காட்டியவர்களில் மோரிஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதியரை மறக்க முடியாது. எரிமலை எங்கே குமுறினாலும் அங்கே போய் நின்று படமெடுத்தார்கள். 1991 ஜூன் 3ஆம் தேதி ஜப்பானின் உன்சென் எரிமலையிலிருந்து பாய்ந்து வந்த கொதிசாம்பல் வெள்ளத்தில் இருவரும் உயிரிழந்தார்கள். அன்று அங்கே மாண்டவர்கள் 43 பேர். அதே மாதம் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ வெடித்தது. வெடிப்பதற்கு முன்பு, எரிமலையின் ஆபத்தை விளக்க கிராஃப்ட் தம்பதியரின் காட்சிகள் கொண்ட வீடியோவை அங்குள்ள அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆபத்தை உணர்ந்து ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்வதற்கு அந்தப் படங்களும் துணை நின்றன. அழகை நேசித்து எடுத்த படம் உயிரையும் காத்தது என்பதை எண்ணும்போது அந்த இருவரையும் வணங்கத் தோன்றுகிறது.

எரிமலை அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. 1787இல் அது குமுறியது பதிவாகியிருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991இல் மீண்டும் கண் விழித்த அந்த எரிமலை இன்றும் அவ்வப்போது புகைகிறது. தக்காணத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் லாவா வெள்ளம் பரவிய பூமி. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அடுக்கடுக்காகப் பாய்ந்து ஆறிய பசால்ட், இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. மகாராஷ்டிரத்து மலைகளில் படிப்படியாகத் தெரியும் ஒவ்வொரு படியும் ஒரு லாவா ஓட்டம். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை ராஷ்டிரகூடர் காலத்துச் சிற்பிகள் எட்டாம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கியது இந்த ஆறிய லாவாவில்தான்.

உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரைக்கு எதிரில் செயின்ட் மேரிஸ் தீவுகள் இருக்கின்றன. 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து எரிமலைப் பாறை அங்கே தூண் தூணாக நிற்கிறது. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது விரிசல் விடுகிறது. ஒரே சீராக ஆறினால் விரிசல்கள் ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் சந்தித்துக்கொள்ளும். அதனால்தான் ஆறு பட்டைத் தூண்கள் பிறக்கின்றன. ஐந்து பட்டையும் ஏழு பட்டையும் இடையில் கலந்திருக்கும். மேற்பரப்பில் தொடங்கிய விரிசல் குளிர் இறங்க இறங்க உள்நோக்கி இறங்கும். மும்பை அந்தேரியில், கட்டடங்களுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கில்பர்ட் குன்றும் இப்படிப் பிறந்த தூண்களின் கூட்டம்தான். சித்திரதுர்கம் அருகே மரடிஹள்ளியில் இன்னொரு அற்புதம். தண்ணீருக்கு அடியில் பீறிட்ட லாவா உடனே உறைந்து, உருண்ட தலையணைகளாக ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கடலே கண்ணில் படாத அந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் நீரடியில் கிடந்ததற்கு அந்தக் கற்களே சாட்சி.

தக்காணத்தின் மீது லாவாவைக் கொட்டிய அந்த ஆழத்து வெப்ப ஊற்று இன்னும் அணையவில்லை. இந்தியத் தட்டு அதன் மேலாக வடக்கே நகர்ந்து போய்விட்டது. ஊற்று மாலத்தீவின் அடித்தளத்தையும் மொரிஷியஸையும் எழுப்பிவிட்டு, இப்போது ரீயூனியன் தீவில் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலையாகப் பொங்குகிறது. உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. அந்தத் தீவில் யார் வாழ்கிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம் தமிழர்களின் வழித்தோன்றல்களும்தான். தாய்மொழிப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மாரியம்மனும் திரௌபதியம்மனும் மறையவில்லை. தீமிதித் திருவிழா அங்கே இன்றும் நடக்கிறது. நெருப்பு கல்லாகும் மண்ணில் நம்மவர்கள் நெருப்பை மிதித்து நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

1977 ஏப்ரலில் அந்த எரிமலையின் குழம்பு செயின்ட் ரோஸ் பகுதி ஊருக்குள் புகுந்தது. மாதா கோயிலைச் சூழ்ந்து, வாசல் வரை வந்து, நின்றுவிட்டது. கோயில் இன்றும் கறுத்த பாறைக்கு நடுவே நிற்கிறது. 2007இல் பாய்ந்த லாவா நெடுஞ்சாலையை மூடிக் கடலில் இறங்கிப் புதிய நிலத்தையே உண்டாக்கியது. மேலே நடக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகும், மழை பெய்தால் அந்தப் பாறையிலிருந்து ஆவி எழும். கல் தன் சூட்டை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஹவாயின் கிலாவேயா இகியில் 1959இல் தேங்கிய லாவா ஏரி நூறு மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. அது முழுக்க உறைவதற்கு 1990களின் நடுப்பகுதி வரை ஆனது. ரீயூனியனின் புதுப் பாறை மீது முதலில் வருவது சாம்பல் வெள்ளை நிறப் பாசிக்காளான். அதன் பின் பெரணி. அதன் பின் மரம். உயிர் எந்த வரிசையில் வந்து அமர்கிறது என்பதை ஆண்டு வாரியாக வெவ்வேறு லாவா ஓட்டங்களில் பார்க்கலாம். கறுப்பில் முளைத்த முதல் பச்சையைப் படம் பிடிக்கவே பலர் அங்கே போகிறார்கள்.

சரி, ஆத்தூருக்கு வருவோம். இங்கே எரிமலை இல்லை. அண்மைக் காலத்து லாவாவும் இல்லை. நம் மண்ணுக்குக் கிடைத்தது வேறொரு வரம். வெளியே வராமல் உள்ளேயே ஆறிய குழம்பு நமக்கு வாய்த்திருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பழைய பாறைகளில் விழுந்த நீண்ட வெடிப்புகளில் கீழிருந்து குழம்பு ஏறியது. மேலே வழிந்ததெல்லாம் எப்போதோ கரைந்து போயிற்று. வெடிப்புக்குள் தங்கியது நிதானமாக ஆறி, டோலரைட் என்ற கருங்கல் சுவராக நின்றுவிட்டது. நிலவியலாளர்கள் இந்தச் சுவர்களை டைக் என்பார்கள். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இவை நிறைய உண்டு. பாலிஷ் போட்டு பிளாக் கிரானைட் என்ற பெயரில் விற்கும் கறுப்புக் கல்லில் பெரும்பாலானவை இவைதான்.

கல்குவாரியிலோ சாலைக்காக வெட்டிய மேட்டிலோ இப்படி ஒரு சுவரின் குறுக்குவெட்டைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். வெளிறிய பழைய பாறைக்கு நடுவில் கரிய பட்டை ஒன்று நேராக ஏறிப் போகும். இரண்டும் தொடும் விளிம்பில் கண்ணைக் கொண்டு போங்கள். விளிம்பில் கல் மாவாய் அரைத்தது போல அவ்வளவு நுண்ணியது. மணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த சுவரைத் தொட்டவுடனே குழம்பு சட்டென்று உறைந்த இடம் அது. ஒரு சாண் உள்ளே வந்தால் பொடி மணிகள் மினுங்கும். பட்டையின் நடுவுக்குப் போனால் வெள்ளை ஊசிகளும் கரும்பச்சைத் துணுக்குகளும் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கே சூடு நீண்ட காலம் தங்கியது. படிகங்களுக்கு வளர நேரம் கிடைத்தது. குழம்பு ஒன்றுதான். ஆறிய வேகம்தான் வேறு. அதே சரக்கு கடலோரத்தில் நொடியில் ஆறினால் கண்ணாடி, நிலத்தின் மேல் ஆறினால் பசால்ட், வெடிப்புக்குள் ஆறினால் டோலரைட், இன்னும் ஆழத்தில் ஆறினால் பெரிய மணிகள் கொண்ட கப்ரோ. ரீயூனியனின் நேற்றைய பாறையும் நம் ஊர்க் கருங்கல் சுவரும் ஒரே குடும்பம்.

டோலரைட்டைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் போகாதீர்கள். காலை ஏழு மணி வெளிச்சமும் மாலை ஐந்து மணி வெளிச்சமும் பக்கவாட்டில் விழும்போதுதான் பாறையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் எழுந்து நிற்கும். கறுப்பைக் கண்டால் கேமரா இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கல் சாம்பல் நிறமாக வெளிறிப் போகும். செல்போனாக இருந்தால் பாறையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஒரு மழை பெய்து நின்ற பின் போனால் நனைந்த கல் தன் உண்மை நிறத்தைக் காட்டும். காற்றும் மழையும் பட்ட டோலரைட் உருண்டைகளைத் தேடிப் பாருங்கள். துருவேறிய பழுப்புத் தோல், வெங்காயம் உரிவது போல அடுக்கடுக்காகக் கழன்று கிடக்கும். நடுவில் கறுத்த உருண்டை அப்படியே இருக்கும். சிற்பி கைவைக்காத சிற்பம் அது.

இன்னும் உள்ளே போக ஒரு வழி உண்டு. டோலரைட்டைச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்ப்பார்கள். அந்தக் கனத்தில் கருங்கல்லும் ஒளியை உள்ளே விடும். நிலவியல் ஆய்வகத்து நுண்ணோக்கியில், குறுக்கே வைத்த இரு போலராய்டு வடிகட்டிகளுக்கு நடுவில் அதை வைத்துப் பார்த்தால் பேச்சு வராது. பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் ஊசிகள் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக வரிவரியாகக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். அவற்றைப் பொதிந்துகொண்டு பைராக்சீன் என்ற கனிமத்தின் மணிகள் நீலம், ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் பூத்திருக்கும். இரும்புத் தாதுத் துணுக்குகள் மட்டும் அசையாத கறுப்பு. மேடையைக் கொஞ்சம் சுழற்றினால் ஒரு மணியின் நீலம் அணைய, இன்னொரு மணியின் மஞ்சள் எழும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பாடம். செல்போன் கேமராவை அந்தக் கண்ணாடியில் பொருத்திப் படமெடுத்தால் எந்தக் கண்காட்சிச் சுவரிலும் மாட்டலாம். நாம் மிதித்துப் போகும் ஜல்லிக்குள் இத்தனை வண்ணத்தை யார் பார்ப்பார்கள் என்று இறைவன் வைத்தான்? கோடி கோடி ஆண்டுகள் இருட்டில் கிடந்த அந்த வண்ணங்களைப் பார்க்கும்போது நம் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன.

நம் அடிவானத்தில் நிற்கும் மலைகளுக்கும் வெம்மையின் கதை உண்டு. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை ஆகியவற்றின் உடம்பில் பெரும்பகுதி சார்னோக்கைட். நீலம் கலந்த கருமை, வெட்டிய முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அது நேரடியாகக் குழம்பிலிருந்து உறைந்தது என்பது அவர் கருத்து. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்து உருமாறியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் காட்டினார்கள். எப்படியானாலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைய அந்தப் பாறை, தன் மேலிருந்த சுமையெல்லாம் அரித்துப்போன பின் எழுந்து வந்து, இன்று நம் ஊருக்கு மழையும் ஓடையும் தரும் மலையாக நிற்கிறது. மேற்கே சேலத்து வெள்ளைக்கல் பூமியில் இன்னொரு விந்தை. பூமியின் ஓட்டுக்கும் கீழிருந்து வந்த டியூனைட் பாறையில் வெள்ளை மேக்னசைட் நரம்புகள் பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. பழுப்புப் பாறையில் வெண்மை கிளை விரிக்கும் அந்தச் சுவர், படமெடுப்பவருக்கு இயற்கை எழுதி வைத்த கோலம்.

திருவண்ணாமலையைப் பற்றிய ஐதீகம் நமக்கெல்லாம் தெரியும். கிருத யுகத்தில் நெருப்பு, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபர யுகத்தில் பொன், கலியுகத்தில் கல். அந்த மலை எரிமலை அல்ல. ஐதீகத்தை அறிவியல் என்று மாற்றிச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் வெம்மை காலத்தோடு கல்லாக இறங்கும் என்ற எண்ணம் நம் முன்னோர் மனத்தில் எவ்வளவு இயல்பாக எழுந்தது என்பது வியப்பைத் தருகிறது. சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள். அடியும் முடியும் காணாத நெருப்புத் தூணைச் சிற்பி கருங்கல்லில் செதுக்கினான். அயனும் மாலும் தேடித் தோற்ற கதையை நிலவியல் படித்த பிறகு கேட்டால் அதற்கு இன்னொரு ஆழம் கிடைக்கிறது. ஒரு டைக்கின் அடியை யாரும் கண்டதில்லை. அதன் முடியோ காலத்தில் கரைந்துவிட்டது. நடுவில் தெரியும் கொஞ்சத்தைத்தான் நாம் தொட்டுப் பார்க்கிறோம்.

இந்தச் செல்வத்தை நாம் வேகமாகப் பொடியாக்கிக்கொண்டும் இருக்கிறோம். வீடும் சாலையும் வேண்டும், ஜல்லியும் வேண்டும். குவாரியில் வியர்வை சிந்துகிறவர்களின் பிழைப்பும் முக்கியம். ஆனால் நூறு கோடி ஆண்டுகள் காத்திருந்த ஒரு பாறை விளிம்பு ஒரே வெடியில் போய்விடும். அதை மறுபடி உண்டாக்க எந்தக் கையாலும் ஆகாது. சென்னை பரங்கிமலையின் சார்னோக்கைட்டையும் செயின்ட் மேரிஸ் தூண்களையும் மரடிஹள்ளித் தலையணைகளையும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருப்பது நல்ல முன்மாதிரி. நம் வட்டாரத்திலும் சில இடங்களையாவது அப்படி விட்டுவைக்க ஊராட்சிகள் முன்வர வேண்டும். ஆத்தூரிலும் கெங்கவல்லியிலும் தலைவாசலிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், வேலை நின்றுபோன பாதுகாப்பான ஒரு வெட்டுமுகத்துக்குப் பிள்ளைகளை உரிய அனுமதியோடு அழைத்துப் போகட்டும். விளிம்பிலிருந்து நடுவுக்கு விரலை நகர்த்தி, மணி பெரிதாவதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லட்டும். கையில் இருக்கும் செல்போனில் படமெடுத்து, எந்த ஊர், எந்தப் பக்கம், என்ன தேதி என்று குறித்து வகுப்பறையில் ஒட்டட்டும். தன் ஊர்க் கல்லின் பிறப்பை அறிந்த பிள்ளை அதை வெறும் ஜல்லியாக நினைக்காது. அதைப் படைத்த பேராற்றலையும் மறக்காது.